கொம்பாண்டியின் உச்சிக்கிளை

ஒரு மடுவின் கரையில் பெரிய அத்திமரம் நின்றது. மேலே கருமுகக் குரங்குகள் குடியிருந்தன. கீழே புள்ளிமான்கள் மேய்ந்தன. மரத்துக்கு ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அடர்ந்த கோரைப்புல்.

இரண்டு கூட்டத்துக்கும் வெகுநாளாக ஓர் ஏற்பாடு இருந்தது. குரங்குகள் கண்ணால் காவல் காக்க வேண்டும். மான்கள் காதால் காவல் காக்க வேண்டும். காவலுக்குக் கூலியாகக் குரங்குகள் தின்றது போக மிச்சப் பழங்களைக் கீழே உதிர்க்கும். மான்கள் அதைத் தின்னும்.

குரங்குகளின் காவல்காரனுக்குப் பெயர் கொம்பாண்டி. வயதான குரங்கு. மரத்தின் உச்சிக்கிளை அதற்கே சொந்தம். அத்தி பழுத்தால் முதல் பழம் அதற்குத்தான். நடந்து வந்தால் மற்றக் குரங்குகள் வாலைச் சுருட்டிக்கொண்டு வழிவிடும். இதையெல்லாம் அனுபவித்துப் பழகிவிட்டால் யார்தான் இறங்கி வருவார்கள்?

மான்களின் காவல்காரி மருக்கொழுந்து. அதுவும் வயதான மான்தான். ஆனாலும் அந்த வயதில் அதற்கு ஒரு குட்டி பிறந்திருந்தது. "இனிமே எனக்கு எங்கே பிறக்கப் போகுதுன்னு இருந்தேன் அண்ணே!" என்று கொம்பாண்டியிடம் சொல்லிச் சொல்லி அந்தக் குட்டியை நக்கிக்கொண்டே இருக்கும். பகலில் குட்டியைக் கோரைப்புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு மரத்தடிக்கு மேய வரும்.

காவலுக்குச் சட்டமும் உண்டு. சிறுத்தை, புலி என்று ஆபத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் கிளைக்குத் தாவி நின்று கொம்பாண்டி "கக்கர்! கக்கர்!" என்று கத்தும். மான்கள் எதிர்ப்பக்கமாக ஓடும். கொம்பாண்டி கத்துவதற்கு முன்னால் வேறு எந்தக் குரங்கும் வாயைத் திறக்கக் கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்தைப் போட்டது கொம்பாண்டியேதான். கண்ட கண்ட குரங்கெல்லாம் நரியைப் பார்த்துப் புலி என்று கத்தினால் காவலுக்கு என்ன மரியாதை என்பது அதன் கட்சி.

இன்னொரு சட்டமும் உண்டு. கண் மங்கிய காவல்காரன் உச்சிக்கிளையை விட்டு இறங்கி, பால்குடிக் குட்டிகளோடு அடிக்கிளையில் உட்கார வேண்டும். அந்தச் சட்டம் மற்றவர்களுக்கானது என்று கொம்பாண்டி நினைத்திருந்தது.

கொம்பாண்டிக்கு ஒரு வீராப்பு. நட்ட நடு வெயிலில் இலை மறைவே இல்லாத உச்சியில் உட்கார்ந்து, மடுத்தண்ணீரில் தகதகக்கும் வெயிலைக் கண் இமைக்காமல் பார்க்கும். "சூரியனே என்னைப் பார்த்துத்தான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சாயங்காலம் போகுது!" என்று பெருமை அடித்துக்கொள்ளும். சூரியன் தினமும்தான் போகிறது, யாரைப் பார்த்துப் போகிறது என்று யார் கேட்பது?

கொஞ்ச காலமாகக் கொம்பாண்டிக்கு எங்கே பார்த்தாலும் வெள்ளையாகப் பனி மூடியது.

"இந்த வருஷம் பனி ஜாஸ்தி" என்றது அது.

"பங்குனி மாசத்துலயா?" என்றது சிலுப்பி. சிலுப்பி நடுவயதுப் பெண் குரங்கு. கொம்பாண்டிக்கு அடுத்த கிளை அதனுடையது. எப்போது உச்சிக்கிளை காலியாகும் என்று காத்திருக்கிறது என்பது கொம்பாண்டியின் சந்தேகம்.

"மலைப்பக்கம் பனி எப்ப வேணா இறங்கும். உனக்கென்ன தெரியும்!" என்று வாயை அடைத்தது.

ஒருநாள் தண்ணீர் குடிக்க இறங்கியது. வழியில் கரடி நின்றுகொண்டிருந்தது. கொம்பாண்டி மரியாதையாக ஒதுங்கி, "என்ன கரடியாரே, சௌக்கியமா? வீட்டுல எல்லாரும் சுகமா?" என்று விசாரித்தது. கரடி பதில் பேசவில்லை. ரொம்பத் தலைக்கனம் பிடித்த கரடி என்று திட்டிக்கொண்டே திரும்பியது. மறுநாளும் கரடி அதே இடத்தில் நின்றது. அதற்கு மறுநாளும் நின்றது. கடைசியில் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தால், கரையான் புற்று! சுற்றும் முற்றும் யாராவது பார்த்தார்களா என்று பார்த்தது. பார்த்திருந்தாலும் அதற்குத் தெரிந்திருக்காது.

இன்னொரு நாள் பழக்கொத்து என்று நினைத்து ஒன்றை எட்டிப் பறித்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டது. அது முசுறு எறும்புகள் இலையை ஒட்டிக் கட்டியிருந்த கூடு. நாக்கு, உதடு, மூக்கு என்று ஓர் இடம் பாக்கி இல்லாமல் எறும்புகள் பிடுங்கி எடுத்தன. கண்ணில் தண்ணீர் கொட்ட, "இந்த வருஷம் அத்திப்பழம் கொஞ்சம் காரம்!" என்று சொல்லிவிட்டு, மென்று விழுங்கியது. வீம்புக்காக எறும்பைத் தின்ற குரங்கு அந்தக் காட்டில் அது ஒன்றுதான்.

மஞ்சமூக்கி என்று ஒரு மைனா இருந்தது. மான்களின் முதுகில் உட்கார்ந்து, காதுக்குள் இருக்கும் உண்ணிகளைப் பிடுங்கித் தின்பது அதன் பிழைப்பு. காட்டில் யாருக்குக் கண், காது உபத்திரவம் என்றாலும் அதுதான் பார்க்கும். வாய் மட்டும் ஓயாது.

"கொம்பாண்டி அண்ணே, உங்க கண்ணுல வெள்ளையா என்னமோ படருது. கொஞ்சம் குனிங்க, பார்க்கிறேன்!"

"என் கண்ணுக்கு என்ன கேடு? உன் மூக்குல உக்காந்திருக்கிற ஈ கூடத் தெரியுது!"

"என் மூக்குல ஈயே இல்லியே!"

"இப்பத்தான் பறந்து போச்சு!"

மைனா தலையை ஆட்டியது. "சரி, காட்ட வேணாம். தண்ணியில அடிக்கிற வெயிலை வெறிச்சுப் பார்க்காம, இலை மறைவிலயாவது உக்காருங்க. கண்ணு ஒருதரம் போனா வாங்கி மாட்ட முடியாது அண்ணே!"

கொம்பாண்டி முகத்தைச் சட்டென்று அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. "போ, போ! மான் காதுல உண்ணி பொறுக்கற பயலுக்கு என் கண்ணைப் பத்திப் பேச்சு!" என்று விரட்டியது.

மைனா பறந்து கீழே போய் மருக்கொழுந்தின் முதுகில் உட்கார்ந்தது. மருக்கொழுந்தும் தலையை ஆட்டி அதை உதறுவது கொம்பாண்டிக்கு மங்கலாகத் தெரிந்தது. பாவம், தங்கச்சிக்கு அந்த வாயாடியின் தொல்லை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டது.

இறங்கவும் கூடாது, காவலும் நடக்க வேண்டும். கொம்பாண்டி யோசித்து யோசித்து ஓர் உபாயம் கண்டுபிடித்தது. தூரத்துக் காடு தெரியாவிட்டால் என்ன? நேர் கீழே நிற்கும் மருக்கொழுந்து குத்துமதிப்பாகத் தெரிகிறது. அதன் காது இரண்டும் தெரிகின்றன. காது விடைத்துக்கொண்டு நின்றால் எங்கேயோ சத்தம் கேட்கிறது என்று அர்த்தம். உடனே நாம் கத்திவிட வேண்டியதுதான்! அது காதால் கேட்டதை நாம் கண்ணால் பார்த்ததாகச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்?

அன்றிலிருந்து கொம்பாண்டி கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மருக்கொழுந்தின் காதையே பார்த்தது. காட்டுப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

உபாயம் பிரமாதமாகப் பலித்தது. ஒருநாள் பின்பக்கம் ஒரு மாட்டு ஈ வந்து கடித்தது. கொம்பாண்டி வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கியது. அந்த நேரம் பார்த்து மருக்கொழுந்தின் காது விடைத்து நின்றது! கொம்பாண்டி ஏதோ ஒரு கிளைக்குத் தாவி, "கக்கர்! கக்கர்!" என்று கத்தியது. மான் கூட்டம் பிய்த்துக்கொண்டு ஓடியது. குட்டிகளை வாரி அணைத்துக்கொண்டு குரங்குகள் உச்சிக்கு ஏறின.

வெகுநேரம் கழித்து எல்லாரும் திரும்பி வந்தார்கள். சிறுத்தையைக் காணோம்.

"நம்ம கொம்பாண்டி கத்தின கத்துல சிறுத்தை திரும்பிப் பார்க்காம ஓடிடுச்சு!" என்றது ஒரு குரங்கு.

"சிறுத்தை காலெடுத்து வைக்கிறதுக்கு முன்னாடியே மருக்கொழுந்துக்குக் கேட்டுடுச்சே, அதைச் சொல்லுங்க!" என்றது ஒரு மான்.

கொம்பாண்டிக்கும் மருக்கொழுந்துக்கும் ஏக மரியாதை. கொம்பாண்டிக்கு அன்றைக்கு இரண்டாவது பழமும் சேர்ந்து கிடைத்தது. இப்படியே அந்தக் கோடை முழுக்கப் பல தடவை நடந்தது. எத்தனையோ முறை ஓடினார்கள், ஒரு முறையும் சிறுத்தை வரவில்லை. காவல் என்றால் இதல்லவா காவல்!

ஒரு நாள் மத்தியானம் நிஜமாகவே சிறுத்தை வந்தது.

காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் வாடை வரவில்லை. சிறுத்தை கோரைப்புல்லின் ஓரமாக வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்தது. சருகு சரசர என்றது. மான்கள் தலை நிமிரவில்லை. காதுக்காரி மருக்கொழுந்தே பேசாமல் மேயும்போது தாங்கள் எதற்குக் கவலைப்பட வேண்டும் என்று அவை இருந்தன.

மேலே சிலுப்பி பார்த்துவிட்டது. பக்கத்துக் குரங்கின் விலாவில் இடித்தது.

"அது சிறுத்தைதானே?"

"அப்படித்தான் இருக்கு."

"கத்தட்டுமா?"

"சட்டம் தெரியாதா? முதல்ல கொம்பாண்டி கத்தணும். அவரே சும்மா உக்காந்திருக்காருன்னா அது வேற என்னமோவா இருக்கும். பேசாம இரு!"

உச்சிக்கிளையில் கொம்பாண்டி வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு ஈயும் இல்லை. மருக்கொழுந்தின் காதும் அசையவில்லை. காட்டில் ஒரு வம்பும் இல்லை என்று கொட்டாவி விட்டது.

கொட்டாவி விட்டு வாயை மூடும்போது கோரைப்புல் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ நகர்ந்தது.

மருக்கொழுந்தின் குட்டி எழுந்து வந்திருக்கும் என்று நினைத்தது. அப்புறம் தண்ணீர் பக்கம் பார்த்தது. அங்கேயும் மஞ்சளாக ஒன்று நின்றது!

கொம்பாண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருக்கொழுந்துக்கு இருப்பது ஒரே குட்டி. மற்ற மான்களுக்குக் குட்டி இல்லை. இரண்டு மஞ்சளில் ஒன்று குட்டி. அப்படியானால் இன்னொன்று?

கண்ணைக் கசக்கியது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தது, மறு கண்ணை மூடிப் பார்த்தது. இரண்டும் மஞ்சள் மூட்டமாகத்தான் தெரிந்தன. எந்தப் பக்கக் கிளைக்குத் தாவுவது? தப்பான பக்கம் தாவினால் மான் கூட்டம் நேரே சிறுத்தையின் வாய்க்குள் ஓடும். குட்டியையும் கூட்டிக்கொண்டு ஓடும்.

சரி, தங்கச்சியின் காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்போம் என்று கீழே பார்த்தது. காது இரண்டும் சும்மா தொங்கின. மருக்கொழுந்து நிம்மதியாக மென்றுகொண்டு, அண்ணாந்து கொம்பாண்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தங்கச்சி!" என்று கொம்பாண்டி கூப்பிட்டது. "எந்தப் பக்கம் சத்தம் கேக்குது?"

மருக்கொழுந்து மென்றுகொண்டே இருந்தது.

"தங்கச்சி! உன்னைத்தான்! சத்தம் எந்தப் பக்கம்?"

மருக்கொழுந்து பிரியமாகத் தலையை ஆட்டியது.

அதற்கு மேல் கொம்பாண்டியால் உச்சியில் உட்கார முடியவில்லை. கிளை கிளையாகச் சறுக்கி, கையில் அகப்பட்டதைப் பிடித்து, விட்டதில் விழுந்து, மருக்கொழுந்தின் தலைக்கு மேலேயே வந்து தொங்கிக்கொண்டு, அதன் காதுக்குள் கத்தியது:

"சத்தம் எந்தப் பக்கம்னு கேக்கறேன்! காது கேக்கலியா உனக்கு!"

"கேக்கல அண்ணே!" என்று மருக்கொழுந்து வெடித்து அழுதது. "ரொம்ப நாளாவே கேக்கல! அருவிக்கரைப் புல்லு ருசியா இருக்குன்னு அந்த இரைச்சல்லயே கிடந்தேன். காதுல உண்ணி வேற அடைச்சுக்கிச்சு. சொன்னா காவலை விட்டு எடுத்துடுவாங்கன்னு மறைச்சேன். உன் வாலைப் பார்த்துத்தான் இத்தனை நாள் காவல் காத்தேன்! நீ வாலைச் சொடுக்கினா காதை விடைப்பேன்!"

"என் வாலையா!" என்றது கொம்பாண்டி. "அடக் கடவுளே! நான் உன் காதைப் பார்த்துல்ல கத்தினேன்! அப்போ நாம இத்தனை நாள் ஓடினது..."

அந்த ஈ! ஒரு மாட்டு ஈக்குப் பயந்தா கோடை முழுக்க ஒரு காடே ஓடியது!

வேறு நேரமாக இருந்தால் கொம்பாண்டி விழுந்து விழுந்து சிரித்திருக்கும். ஆனால் புல்லோரத்து மஞ்சள் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது. அல்லது தண்ணீரோரத்து மஞ்சளா? அதுகூடத் தெரியவில்லை. குட்டியின் உயிர் இரண்டு மஞ்சளுக்கு நடுவே நின்றது.

கொம்பாண்டி நிமிர்ந்து உச்சிக்கிளையைப் பார்த்தது. அதுவும் மங்கலாகத்தான் தெரிந்தது. இத்தனை நாள் தெரியாத கிளைக்கா இந்தப் பாடு என்று தோன்றியது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மரம் அதிரக் கத்தியது:

"எனக்குக் கண்ணு தெரியல! சட்டமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்! கண்ணு தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் பார்த்துச் சொல்லுங்க! சிறுத்தை எந்தப் பக்கம்?"

அவ்வளவுதான். அடைத்து வைத்திருந்த மடை திறந்துகொண்டது.

"கோரைப்புல் பக்கம்!" என்று சிலுப்பி அலறியது.

"புல்லு! புல்லு! கக்கர்! கக்கர்!" என்று மரம் முழுக்கக் கத்தியது. பால்குடிக் குட்டிகள் கூடக் கத்தின.

கொம்பாண்டி கோரைப்புல் பக்கத்துக் கிளைக்குத் தாவியது. கிளை எது, காற்று எது என்று தெரியாமல்தான் தாவியது. நல்லவேளை, கிளை அங்கே இருந்தது. மருக்கொழுந்து அதைப் பார்த்துவிட்டு, புல்லை விட்டு எழுந்து வந்து தண்ணீர் ஓரம் நின்ற குட்டியிடம் ஒரே பாய்ச்சலாகப் போய் அதை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடியது. மான் கூட்டம் பின்னாலேயே ஓடியது. சிறுத்தை பாய்ந்த பாய்ச்சலில் அதன் நகம் குட்டியின் தொடையில் ஒரு கோடு கிழித்தது. அதற்கு மேல் சிறுத்தைக்கு எட்டவில்லை.

இரை தப்பியது. தலைக்கு மேலே அத்தனை குரங்குகளும் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பாடு போட்டன. இனி அந்தக் காட்டில் அன்றைக்கு ஓர் எலியைக்கூடப் பிடிக்க முடியாது. சிறுத்தை மரத்தை அண்ணாந்து பார்த்தது.

"கண்ணு தெரியாத குரங்கும் காது கேக்காத மானுமா இங்கே காவல்? இதுக்குப் பயந்துதானா நான் இத்தனை நாள் இந்தப் பக்கமே வரல? தூ! வெளியே சொன்னா என் மானம்தான் போகும்!" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போய்விட்டது.

மான்கள் திரும்பி வந்தன. மருக்கொழுந்து குட்டியின் காயத்தை நக்கிக்கொண்டே அழுதது. "சொல்லியிருந்தா இந்தக் கோடும் விழுந்திருக்காதே!" என்றது. கொம்பாண்டியால் அந்தக் குட்டியை நேராகப் பார்க்க முடியவில்லை. பார்த்திருந்தாலும் சரியாகத் தெரிந்திருக்காது, அது வேறு விஷயம்.

மஞ்சமூக்கி மைனா வந்தது. ஒரு வார்த்தை பேசாமல் மருக்கொழுந்தின் காதுக்குள் தலையை நுழைத்தது. உண்ணி உண்ணியாக எடுத்து வயிறு புடைக்கத் தின்றது.

"இப்போ கேக்குதா அக்கா?"

"கொஞ்சம் கேக்குது!"

"கொஞ்சம்தான் கேக்கும். அருவி இரைச்சல் தின்னது திரும்பி வராது. இருக்கிறதையாவது காப்பாத்திக்கோங்க. அந்தப் பக்கம் மேயப் போகாதீங்க."

அப்புறம் அது கொம்பாண்டியின் கண்ணைப் பார்த்தது. இந்த முறை கொம்பாண்டி தானாகவே குனிந்தது. மைனா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தப் புரையை எடுக்க இந்தக் காட்டுல ஆள் இல்ல அண்ணே" என்றது. "இனிமே இலை மறைவுல உக்காருங்க. இருக்கிற வெளிச்சத்தைப் பத்திரமா வச்சுக்கோங்க."

"என் மூக்குல ஈ தெரியுதுன்னு சொன்னீங்களே" என்று கேட்கத்தான் மைனாவுக்கு ஆசை. ஆனால் கொம்பாண்டியின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டது.

கொம்பாண்டி சிலுப்பியைக் கூப்பிட்டது. "நாளையிலிருந்து உச்சிக்கிளை உனக்கு. முதல் பழமும் உனக்கு."

சிலுப்பி சந்தோஷத்தில் குதிக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அது தலையைச் சொறிந்தது.

"அதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு. எனக்குத் தூரத்துல எறும்பு ஊர்ந்தாலும் தெரியும். ஆனா கையில இருக்கிறதுதான் கொஞ்ச நாளா சரியாத் தெரியல. நேத்து அத்திப்பழம்னு நினைச்சு என் பக்கத்துல தூங்கினவரோட மூக்கைப் பிடிச்சு இழுத்துட்டேன்."

"அதுதான் என் மூக்கா!" என்றது ஒரு குரங்கு மூக்கைத் தடவிக்கொண்டு. "நான் கனவுன்னு நினைச்சேன்!"

கொம்பாண்டிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. "சபாஷ்! நான் புற்றுகிட்ட குசலம் விசாரிச்சேன். எறும்புக் கூட்டைத் தின்னுட்டு ஏப்பம் விட்டேன். நீயாவது பழம்னு நினைச்சு மூக்கைத்தான் பிடிச்சே! தூரத்துக் காவலுக்கு நீதான் சரி. பழத்தை நான் தடவிப் பார்த்து உனக்குத் தர்றேன். அதுல எறும்பு இருந்தா என் நாக்குக்கு நல்லாவே தெரியும்!"

அன்றே பழைய சட்டங்கள் மாறின. யார் பார்த்தாலும் கத்தலாம், யார் கேட்டாலும் குரல் கொடுக்கலாம். வருஷா வருஷம் மழைக்காலம் தொடங்குவதற்கு முன் சின்னவர் பெரியவர் என்று பார்க்காமல் எல்லாரும் மஞ்சமூக்கியிடம் கண்ணையும் காதையும் காட்ட வேண்டும். முதல் ஆளாகக் கொம்பாண்டி போய் நின்றது.

இப்போது அது பால்குடிக் குட்டிகளோடு அடிக்கிளையில், அடர்ந்த இலை நிழலில் உட்கார்ந்திருக்கிறது. மருக்கொழுந்தின் குட்டி தொடையில் அந்தக் கோட்டோடு வந்து கீழே நிற்கும். அதன் புள்ளிகள் கொம்பாண்டிக்குத் தெரியாது. ஆனால் அது மெல்லும் சத்தம் கேட்கும். அதுவே போதும் என்று இருக்கும். எப்போதாவது ஈ கடித்தால் மட்டும், வாலைச் சொடுக்குவதற்கு முன்னால், "தங்கச்சி, ஈதான்! ஓடிடாதே!" என்று முன்கூட்டியே சொல்லிவிடும்.

கண்ணையும் காதையும் அவை நன்றாக இருக்கும்போதே காத்துக்கொள்ள வேண்டும். வயதாகி அவை குறையத் தொடங்கினால் வெட்கப்பட்டு மறைக்காமல் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.